ஒரே காடு, முப்பது நிமிடம்: வாம்பயர் சர்வைவர்ஸ் எங்கே இழுக்கிறது, எங்கே சலிக்கிறது

குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். காலை எட்டு மணி இருக்கும். என் சித்தி மகன் ஒரு பாறையில் உட்கார்ந்து போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். விடியுமுன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, முந்நூறு மரத்துக்கு மேல் பால் வெட்டி முடித்திருந்தான். வெட்டிய உடனே பாலை எடுத்துவிட முடியாது. சிரட்டையில் சொட்டு நிற்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதுவரை டீ, கொஞ்சம் பேச்சு, அப்புறம் போன்.

திரையில் சாட்டை வைத்திருக்கும் ஒரு சின்ன மனிதன். அவனைச் சுற்றி வௌவால்களும் எலும்புக்கூடுகளும் நடமாடும் பிணங்களும் நூற்றுக்கணக்கில் நெருங்கி வந்தன. முதல் பத்து நிமிடம் தம்பி தலை நிமிரவே இல்லை. கட்டைவிரல் மட்டும் கண்ணாடியில் நழுவிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் தாண்டியதும் போனை முழங்காலில் சாய்த்து வைத்துவிட்டு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான். ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் திரை நின்றால் காசுப்பையோ கோழிக்கறியோ ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு மறுபடி டீயைக் குடித்தான்.

"பாக்காமலே ஜெயிச்சிட்டு இருக்கியே?" என்றேன்.

"இனி நமக்குச் சோலி இல்லண்ணே. அது தானா ஆடிக்கிடும். முப்பது நிமிசம் ஆனா காலன் வந்து கொண்டு போவான், அவ்வளவுதான்."

பத்தாவது நிமிடத்தில் அப்படி மூழ்கிக் கிடந்தவன் இருபதாவது நிமிடத்தில் எப்படி வேடிக்கை பார்ப்பவனாக மாறினான்? இந்த விளையாட்டின் பலமும் குறையும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

விளையாட்டின் பெயர் வாம்பயர் சர்வைவர்ஸ். லூகா கலாண்டே என்ற இத்தாலியர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, தொடக்கத்தில் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தது. பெரிய நிறுவனத்தின் பணமும் படையும் பின்னால் இல்லாமல் ஓரிருவரோ சிறு குழுவோ செய்யும் விளையாட்டுகளை இண்டி என்பார்கள், அந்த வகை. 2021 டிசம்பரில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அரைகுறை வடிவமாக மூன்று டாலருக்கு வந்தது. 2022 அக்டோபரில் முழு வடிவம். அதே ஆண்டு டிசம்பரில் போனுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த விளையாட்டு என்ற பரிசு இதற்குப் போனது. எல்டன் ரிங், காட் ஆஃப் வார் ரக்னராக் போன்றவை அந்தப் பட்டியலில் போட்டிக்கு இருந்தன. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தவை அவை. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் படங்கள் தொண்ணூறுகளின் வீடியோ கேம் போல, கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆட்டமோ இன்னும் எளிது. உங்களுக்குத் திசை மட்டும்தான். சுடும் பொத்தான் கிடையாது, குதிக்கும் பொத்தான் கிடையாது. கையிலுள்ள ஆயுதம் சில நொடிக்கு ஒருமுறை தானாக வேலை செய்யும். செத்த எதிரி ஒரு வண்ணக் கல்லை விட்டுச் செல்லும். கல்லைப் பொறுக்கினால் அனுபவம் சேரும், போதிய அளவு சேர்ந்தால் ஒரு படி ஏறுவீர்கள். அப்போது ஆட்டம் நின்று, மூன்று பொருள்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். அதிர்ஷ்டம் இருந்தால் நான்காவதும் வரும். இப்படியே முப்பது நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். முப்பதாவது நிமிடத்தில் மரணம் அரிவாளோடு வரும், சாதாரணமாக அதனிடம் யாரும் தப்ப முடியாது. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து, பெரும்பாலும் அதே காட்டில்.

இதைக் கேட்டதும் பலர் சொல்வது, "ஒரே மாதிரி இருக்குமே" என்பதுதான். இருக்கும். ஆனால் 'ஒரே மாதிரி' என்பதையே குற்றமாக எடுத்துக்கொண்டால் இந்த விளையாட்டைத் தவறாகப் படித்துவிடுவோம்.

கலாண்டே குறி பார்ப்பதையும் சுடுவதையும் ஆடுபவனின் கையிலிருந்து எடுத்துவிட்டார். மிச்சம் வைத்தது இரண்டு: எங்கே நிற்பது, எதை எடுப்பது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பது சில ஆட்டம் ஆடிய பிறகே பிடிபடும். சாட்டை பக்கவாட்டில் மட்டும் வீசும். மேலிருந்தும் கீழிருந்தும் வருவதைத் தொடாது. அதனால் சாட்டைக்காரன் ஏறியும் இறங்கியும் நடந்து, கூட்டத்தைத் தன் இடவல வரிசைக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். கத்தி, நாம் எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறோமோ அந்தப் பக்கம் பறக்கும். ஒன்றைக் கொல்ல வேண்டுமானால் அதை நோக்கியே நடக்க வேண்டும். மந்திரக்கோல் பக்கத்தில் இருப்பதைத் தானே தேடிச் சுடும், அதை வைத்திருப்பவன் விலகி நடந்துகொண்டே இருக்கலாம். பூண்டு நம்மைச் சுற்றி ஒரு வளையம் போடும். நெருங்கியதை மட்டுமே அது சுடும், ஆகவே பூண்டுக்காரன் ஓடினால் ஒன்றும் நடக்காது. கூட்டத்தின் ஓரத்தை உரசிக்கொண்டே போக வேண்டும். வேதப்புத்தகம் சில நொடி நம்மைச் சுற்றிப் பறந்துவிட்டு மறையும். அது சுற்றும்போது உள்ளே புகலாம், மறையும்போது வெளியே வந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு நடை இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அடுத்த பத்து நிமிடம் எப்படி நடக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். இதோடு அந்தக் கற்கள். எதிரி விழுந்த இடத்தில்தான் கல் கிடக்கும், அந்த இடத்தில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். விலகினால் உயிர் தப்பும், கல் கிடைக்காது. புகுந்தால் கல் கிடைக்கும், உயிர்க்கோடு கரையும். சண்டையே போடாத ஒரு சண்டை விளையாட்டில் கை வியர்ப்பது இதனால்தான்.

தம்பியின் வேலையைப் பார்த்தபோது எனக்கு இது இன்னும் தெளிவானது. முந்நூறு மரம், முந்நூறும் ஒரே வெட்டு. இடமேலிருந்து வலக்கீழாக ஒரு சரிவு, நேற்றைக்கு முன்தினம் வெட்டிய கோட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய சீவல். தூரத்திலிருந்து பார்த்தால் இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு. கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், அந்தப் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஒவ்வொரு மரத்தின் பட்டையும் ஒவ்வொரு தடிப்பு. கை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறது, கண் ஒவ்வொரு மரத்திலும் புதிதாக ஒன்றை முடிவு செய்கிறது. திரும்பச் செய்வது சலிப்பாவது அந்த முடிவு இல்லாமல் போகும்போது மட்டும்தான். தம்பிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டத்தில் இல்லாமல் போனதும் அதுதான்.

அங்கே போவதற்கு முன், ஆட்டத்தின் நடுப்பகுதியில் கலாண்டே வைத்திருக்கும் முடிச்சைச் சொல்ல வேண்டும். ஆறு ஆயுதம், தானே தாக்காமல் நமக்கு வலு சேர்க்கும் துணைப்பொருள் ஆறு, அதற்கு மேல் இடமில்லை. ஆயுதத்தை எட்டாம் படி வரை வளர்த்து, அதற்குரிய துணைப்பொருளும் கையில் இருந்தால், பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரு பெரிய எதிரி விட்டுச்செல்லும் பெட்டியைத் திறக்கும்போது ஆயுதம் உருமாறும். சாட்டைக்கு வெற்று இதயம் சேர்ந்தால் ரத்தம் உறிஞ்சும் சாட்டை. கத்திக்குக் கைக்கவசம் சேர்ந்தால் இடைவிடாத கத்தி மழை. மந்திரக்கோலுக்கு வெற்றுப் புத்தகம். ஆகவே இரண்டாவது நிமிடத்தில் ஒரு சாதாரணத் துணைப்பொருளை எடுப்பது பன்னிரண்டாவது நிமிடத்துக்காகச் செய்யும் முதலீடு. ஆறு இடத்தில் ஒன்றை வீணாக்கினால் கடைசி வரை அது உறுத்தும். இந்தத் திட்டமிடல்தான் ஆட்டத்தின் மூளை. முதல் பதினைந்து, இருபது மணி நேரம் வரை, எந்தச் சேர்க்கை எதற்கு என்று கண்டுபிடிப்பதே பெரிய சுகமாக இருக்கும். யாரிடமும் கேட்காமல் ஆடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முழுப் பட்டியலையும் முதல் நாளே பார்த்துவிட்டால் இந்த சுகம் போய்விடும்.

இப்போது அந்தப் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் ஊரில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இது சூதாட்டமா?" என்பது.

பெட்டியைத் தொட்டதும் திரை இருளும், இசை ஏறும், வண்ண ஒளி பாயும், உள்ளேயிருந்து பொருள்கள் வரிசையாக ஓடும். ஒன்று கிடைக்கலாம், மூன்று கிடைக்கலாம், ஐந்து கிடைத்தால் திரையே வாணவேடிக்கை ஆகிவிடும். காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் ஸ்லாட் மெஷின் எப்படிக் காட்டுமோ அப்படியே. தற்செயல் இல்லை இது. கலாண்டே முன்பு சூதாட்ட விளையாட்டுகளுக்கு மென்பொருள் எழுதும் தொழிலில் இருந்தவர். எந்த நொடியில் ஒலி எழ வேண்டும், எவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும் என்பது அவருக்கு அங்கே கிடைத்த பாடம்.

அந்தப் பாடத்தின் வேர் இன்னும் பழையது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. ஒரு பொத்தானைக் கொத்தினால் ஒவ்வொரு முறையும் தானியம் விழும் என்றால் புறா பசிக்குக் கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்றே தெரியாமல் வைத்தால் ஓயாமல் கொத்தும். குமரி மாவட்டத்தில் இதற்குப் புறாவைக் கொண்டு விளக்கம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ல் தடை செய்யப்பட்டது. ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. எல்லைக்குப் போய் சீட்டு வாங்கி வந்து, மாலையில் நம்பர் பார்த்து, "ஒரு நம்பர்ல போச்சு" என்று தலையில் கை வைக்கும் மனிதரைத் தெரியாதவர் விளவங்கோடு பக்கம் இருக்க மாட்டார்கள். போனதைவிட 'ஒரு நம்பரில் போனது' அடுத்த சீட்டை வாங்க வைக்கும். பிறகு போனிலேயே ரம்மி வந்து, கடன்பட்டு உயிரைவிட்டவர்களின் செய்திகள் வந்து, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலோடு இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வரைக்கும் போயிற்று.

வாம்பயர் சர்வைவர்ஸ் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பணத்தைக் கழற்றிவிட்டது. பெட்டியைத் திறக்கக் காசு கேட்பதில்லை. ஆட்டத்தில் சேரும் தங்கமும் ஆட்டத்துக்குள்ளேயே செலவாகும். அந்தத் தங்கத்தில் நிரந்தர வலுக்களை வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் திருப்பிக் கொடுத்து வேறு விதமாக வாங்கலாம், திருப்புவதற்குக் கழிவு எதுவும் இல்லை. போன் வடிவத்தில் விளம்பரம் உண்டு, ஆனால் நீங்களே விரும்பித் தொட்டால் மட்டும் வரும்: செத்த பிறகு ஒருமுறை எழுந்திருக்கவோ, முடிவில் கொஞ்சம் தங்கம் கூடுதலாகப் பெறவோ. தொடாவிட்டால் எதுவும் குறையாது. இதைப் பார்த்து நகல் செய்த போன் விளையாட்டுகள் பலவற்றில் 'சக்தி தீர்ந்துவிட்டது, காத்திரு அல்லது காசு கொடு' என்று வரும். அந்த வாசல் இங்கே கிடையாது. நெட் இல்லாத தோட்டத்திலும் ஆடலாம் என்பது மலையோரத்துக்காரர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

ஆகவே பணத்தைப் பொறுத்தவரை நேர்மையான விளையாட்டு இது, அதை நான் உரக்கவே சொல்வேன். நேரத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். புறாவின் பொத்தான் புறாவின் பொத்தான்தான். ஐந்து பொருள் வந்த பெட்டியின் நினைவில், 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று இரவு ஒரு மணி தாண்டிய நாள்கள் எனக்கே உண்டு. மறுநாள் யோசித்தால் அந்த ஆட்டங்களில் என்ன செய்தேன் என்று ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் காசுக்குப் பயப்பட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். எனக்குப் பெரிதாகப்படுவது, நான் தொடக்கத்தில் சொன்ன அந்த டீ.

நன்றாகத் திட்டமிட்டு ஆடினால் பதினெட்டு, இருபது நிமிடத்துக்குள் ஆறு ஆயுதமும் வளர்ந்து உருமாறி முடிந்துவிடும். துணைப்பொருள்களும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு படி ஏறினால் ஆட்டம் காட்டுவது காசுப்பையா, கோழிக்கறியா என்ற தேர்வு. எதை எடுத்தாலும் ஒன்றுதான். இரண்டு முடிவுகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றதும் கூடவே போய்விடுகிறது, ஏனென்றால் திரை முழுக்க நம் ஆயுதங்கள் பாயும்போது எங்கே நின்றாலும் எதிரி நெருங்க முடியாது. பத்து நிமிடம் சும்மா நிற்கலாம். நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பரிசு, இனி ஆட வேண்டாம் என்பது. முதல் சில முறை இது பெருமிதமாக இருக்கும். தொடக்கத்தில் ஐந்து வௌவாலுக்குப் பயந்து ஓடியவன் இப்போது ஐந்நூறு பேருக்கு நடுவே நிற்கிறானே என்று. இருபதாவது முறை அது வெறும் காத்திருப்பு. சேர்க்கைகள் எல்லாம் மனப்பாடமான பிறகு நிலைமை இன்னும் மோசம், முதல் நிமிடத்தின் தேர்வுகூடப் பழக்கமாகிவிடும். முடிவு எடுக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வரும், ஆட்டம் மட்டும் முப்பது நிமிடமாகவே நிற்கும்.

செய்தவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆட்டத்தின் போக்கை மாற்றும் மாயச் சீட்டுகளைப் பின்னால் சேர்த்து, ஆட்டத் தொடக்கத்தில் ஒன்று, பிறகு 11-ஆவது, 21-ஆவது நிமிடங்களில் கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். தூங்கும் இடத்தில் தட்டி எழுப்பும் முயற்சி என்று அதை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் உதவுகிறது. ஆனால் 21-ஆவது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தவனுக்கு இன்னொரு கூட்டு வைப்பது போலத்தான். இதே வழியில் வந்த புரோடாட்டோ என்ற இன்னொரு இண்டி விளையாட்டு வேறு விடை கண்டது. ஒரு நீண்ட ஓட்டத்தை 20 சிறு சுற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒரு கடையைத் திறந்துவிட்டது. கடைசிச் சுற்று வரை கையில் காசும் மனதில் கணக்கும் இருக்கும். அதில் வாம்பயர் சர்வைவர்ஸின் அந்த வெள்ளம் போன்ற பெருக்கு இல்லை, ஆனால் டீ ஊற்ற நேரமும் இல்லை.

இரண்டாவது குறை கண்ணுக்கு. பிற்பகுதியில் திரையில் மின்னல், கத்தி, நெருப்பு, எண்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நம் ஆள் எங்கே என்றே தெரியாது. நிற்பதுதான் ஒரே திறமை என்று வைத்துவிட்டு, நிற்கும் இடத்தையே மறைப்பது நியாயமில்லை. தோற்றால் எது கொன்றது என்று தெரியாமல் தோற்பது எந்த விளையாட்டிலும் எரிச்சல், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அமைப்புகளில் பளிச்சிடும் ஒளியையும் சேத எண்களையும் அணைக்கும் வசதி இருக்கிறது. சின்னத் திரையில் ஆடுபவர்கள் முதல் நாளே அணைத்துவிடுங்கள். வலிப்பு உள்ளவர்கள் ஒளியை அணைத்தாலும் யோசித்தே ஆட வேண்டும்.

தொடக்கத்தில் இன்னொரு சங்கடம். நிரந்தர வலு எதுவும் வாங்காத புது ஆள் முதல் சில ஆட்டங்களில் பத்து நிமிடம் தாண்டுவதே கஷ்டம். தோல்விக்குப் பாதிக் காரணம் திறமைக் குறைவு, மீதி தங்கக் குறைவு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாததால், ஜெயிக்கும்போதும் நாம் தேறினோமா அல்லது வாங்கினோமா என்ற சந்தேகம் நிற்கிறது. சிலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். நாலு ஆட்டம் பொறுத்தால் கடந்துவிடலாம்.

கற்பனை உலகம் என்று வந்தால்தான் எனக்கு உண்மையான ஏமாற்றம். பெயரில் ரத்தக்காட்டேரி இருக்கிறதே தவிர, ஆட்டத்தில் அது கண்ணில் படுவது அரிது. வௌவால் ஏன் வருகிறது, எலும்புக்கூடு யாருடையது, இந்தக் காடு எந்த ஊர், ஒன்றும் கிடையாது. பாத்திரங்கள் சிலரின் குடும்பப் பெயரான பெல்பாயீஸ் ஒரு இத்தாலியப் பாலாடைக்கட்டியின் பெயர். இப்படி நிறையப் பெயர்கள் இத்தாலியக் கிண்டல்கள், நமக்கு அவை வெறும் ஓசை.

பேய்க்குக் கதை வேண்டும் என்று நான் கேட்பது வளர்ந்த இடத்தால். நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காட்டு நீலியின் கதை தெரியாமல் யாரும் வளர்வதில்லை. நகைக்காகக் கணவன் கையால் செத்தவள். சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டவள். அவள் இரவில் வழிமறித்தால் அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது, கேட்கிறவனுக்குப் பயமும் வரும், அவள் பக்கம் நியாயமும் தெரியும். சுடலைமாடனுக்கும் ஒரு கதை உண்டு. இங்கே தெய்வங்களில் பாதி, அநியாயமாகச் செத்தவர்கள். ஐந்நூறு எலும்புக்கூட்டைக் கொன்றாலும் வாம்பயர் சர்வைவர்ஸில் ஒன்றின் பெயரும் மனதில் நிற்பதில்லை. கொல்லப்படுவது எண்.

ஒன்றே திரும்பத் திரும்ப வருவதை மறுபக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு இரவு முழுக்க நடக்கும். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், அப்புறம் கதை, முடிவில் வாழி. இந்த வரிசை மாறாது. கதையும் மாறாது, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு முடிவு என்னவென்று ஐம்பது வருடமாகத் தெரியும். வீசுகோல் வில்லில் விழும், உடுக்கை பேசும், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், ஒவ்வொரு அடிக்கும் போடுவார். இவ்வளவு திரும்ப வருதலில் ஏன் யாரும் எழுந்து போவதில்லை? பாடுகிறவர் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். ஒரு இடத்தை இன்றைக்கு இழுப்பார், நேற்று இழுத்ததைச் சுருக்குவார், நடுச்சாமம் தாண்டி சாமி வரும் நேரத்துக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவார். சட்டகம் ஒன்று, உள்ளே எடுக்கும் முடிவுகள் புதிது. அந்த முடிவுகள் கடைசி வாழி வரைக்கும் தீர்வதில்லை, முக்கியமான வேறுபாடு அதுதான். முப்பது நிமிடத்தில் காலன் வருவான் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆட்டம், கொடையின் இலக்கணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. உச்சத்துக்குப் போக வேண்டிய கடைசிப் பத்து நிமிடத்தில் அது கண் அசந்துவிடுகிறது.

களங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் காடு எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் விரியும். இருபதாவது படி வரை ஏறினால் திறக்கும் நூலகம் இடவலமாக மட்டும் நீளும், கோபுரம் மேலும் கீழுமாக மட்டும். நூலகத்தில் மேலேயும் கீழேயும் சுவர் இருப்பதால் பக்கவாட்டுச் சாட்டை அங்கே ராஜா. கோபுரத்தில் அதே சாட்டை தடுமாறும். களமே நடையை மாற்றும் இந்த யோசனையை இன்னும் நாலைந்து இடத்தில் செய்திருக்கலாம்.

ஒரு காலத்தில் கணினியில் பிற்பகுதி ஆட்டம் திணறும் என்பது பரவலான குறை. முதலில் இது இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் கட்டப்பட்டது, ஆயிரக்கணக்கான உருவங்களை அது தாங்கவில்லை. 2023-ல் யூனிட்டி என்ற எஞ்சினுக்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரே திரையில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடும் வசதியும் வந்தது. தனியாக ஆடிச் சலித்தவர்கள் வீட்டில் அண்ணன் தம்பியோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். யார் எந்தக் கல்லைப் பொறுக்குவது என்ற சண்டையிலேயே கடைசி நிமிடம் வரை விழித்திருப்பீர்கள்.

தனியாக ஆடுபவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதை நான் தம்பிக்குச் சொன்னேன். தங்கம் கொடுத்து வாங்கும் வலுக்களின் பட்டியலில் சாபம் என்று ஒன்று இருக்கும். காசு கொடுத்து யாராவது சாபம் வாங்குவார்களா என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அதை வாங்கினால் எதிரிகள் எண்ணிக்கையிலும் வேகத்திலும் உயிரிலும் கூடுவார்கள், பொறுக்கக் கல்லும் கூடும். மற்ற வலுக்களில் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாபத்தை ஏற்றினால், முடிவுகள் உயிரோடு இருக்கும் நேரம் நீளும்.

போன வாரம் மறுபடி தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதே பாறை, அதே பிளாஸ்க். தம்பி சாபத்தை முழுதாக ஏற்றி ஆடிக்கொண்டிருந்தான். டீ மூடியில் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பதினேழாவது நிமிடத்தில் எதிரிப் பூக்களின் வளையத்துக்குள் மாட்டி, இடைவெளி தேடி, கிடைக்காமல் செத்தான்.

"இந்த வாட்டி பூண்டை எடுத்தது தப்பாக்கும்" என்றான், என்னைப் பார்க்காமலே. "சிலுவைய எடுத்திருக்கணும். பாத்தியளா, அந்த எடத்துல வழி இருந்து."

இன்னொரு ஆட்டத்துக்கு நேரம் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாளியை எடுத்தான். முதல் மரத்துச் சிரட்டையில் சொட்டு நின்றிருந்தது.